அடியில் தோண்டுவது

லத்தீனில் 'ஸஃபோடியன்ஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. அடியில் தோண்டுகிற, கீழே குடைந்து செல்கிற என்று தமிழில் சொல்லலாம். என் தலைக்கு வந்த வியாதியின் முழுப்பெயரில் கடைசிச் சொல் இது. பெரிஃபாலிகுலைட்டிஸ் காபிடிஸ் அப்ஸீடன்ஸ் எட் ஸஃபோடியன்ஸ். மயிர்க்கால்களைச் சுற்றி அழற்சி கண்டு, சீழ் கட்டி, அடியில் குடைந்து செல்லும் தலைநோய். 1903-இல் ஸ்பிட்ஸர் இதை விவரித்தார். 1908-இல் ஹாஃப்மன் இந்த நீளமான பெயரைச் சூட்டினார். இன்று டாக்டர்கள் சீட்டில் எழுதுவது 'டிஸெக்டிங் செல்லுலைட்டிஸ்' என்றுதான். எனக்குப் பழைய பெயரே பிடித்திருக்கிறது. அதில் ஒரு வினை இருக்கிறது. நோய் என்னவாக இருக்கிறது என்பதோடு நிற்காமல், என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் அது சொல்கிறது. ஒரு கட்டியை அமுக்கினால் இரண்டு விரற்கடை தள்ளி இன்னொரு கட்டியில் சீழ் கசிவது இந்த நோயின் பழைய அடையாளம். தோலுக்குள் பார்க்கும் கருவி இல்லாத காலத்திலும், கீழே ஒரு வழி இருக்கிறது என்று ஊகிக்க அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

எனக்கு இது வந்தது 2016-இல். முதலில் கண்டது நானல்ல, முடிவெட்டுபவர். உச்சிக்குச் சற்றுப் பின்னால் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தி, விரலால் அழுத்திப் பார்த்தார். "சார், இங்க மெத்து மெத்துன்னு இருக்கே, வலிக்கலையா?" என்றார். வலி இல்லை. ஒரு மாதத்துக்குள் வலி வந்தது. ஒன்று நாலாயிற்று. ஒவ்வொன்றின் மேலும் முடி கொட்டி, ரூபாய் நாணயம் அளவுக்கு வழவழப்பு. வீட்டில் சூட்டுக் கட்டி என்றார்கள். முதலில் பார்த்த டாக்டரும் அதையே இங்கிலீஷில் சொன்னார். ஒவ்வொரு கட்டிக்கும் ஐந்து நாள் மாத்திரை. ஒன்றைக் கீறி வடித்தார்கள். மூன்று வாரத்தில் அதே இடம் மறுபடி பருத்தது. நான் அப்போதெல்லாம் டைரியில் கணக்கு வைத்திருந்தேன். மார்ச்சில் நாலு, ஜூனில் ஆறு, தீபாவளிக்கு ஒன்பது. கட்டிகள், கட்டிகளுக்கு, கட்டிகளால் - எல்லாம் பன்மை. இந்தப் பன்மையை நான் முக்கியமாகக் குறிப்பிடுகிறேன். ஏறக்குறைய ஒன்றரை வருஷம் எனக்கு நடந்த வைத்தியம் முழுவதும் இந்த இலக்கணத்தின் மேல்தான் நடந்தது.

இந்தக் காலத்தில் எனக்குக் கிடைத்த விளக்கங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் விளக்கம் சொன்னவர்களில் பாதிப்பேர் எழுதுகிறவர்கள், இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்கள். அம்மாவின் விளக்கம் உஷ்ணம். எண்ணெய் தேய்த்துக் குளிக்காததும் கோழி தின்பதும் காரணங்கள். இதை எதிர்த்துப் பேச எனக்கு மனமில்லை. அதில் குறைந்தபட்சம் உடம்பு உடம்பாகவே இருக்கிறது. இலக்கிய நண்பர்களின் விளக்கங்கள்தான் என்னைத் துன்புறுத்தின. ஒருவர், நான் எழுதாமல் அடக்கி வைத்ததெல்லாம் தலையில் கட்டியாகிறது என்றார். இன்னொருவர், விமர்சகர், நகர வாழ்வின் நெருக்கடி சரீரத்தில் தன் மொழியைக் கண்டுகொள்கிறது என்று கடிதம் எழுதினார். கடிதம் நன்றாக இருந்தது. என் தலையைப் பற்றியதாக இல்லை. ஸூஸன் ஸான்டாக் 1978-இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் எதிர்த்தார். மார்புப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிறகு எழுதியது அது. நோயை உருவகமாக்குவதில் நோயாளிக்கே குற்றம் ஏற்றப்பட்டுவிடுகிறது என்பது அவர் வாதம். நம்மவர்கள் அந்தப் பெயரை உச்சரிக்கிற அளவுக்கு அந்த வாதத்தை எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நம் கவிதைகளில் புண், சீழ், ரணம் எல்லாம் தாராளமாகப் புழங்குகின்றன. அவற்றில் எதற்கும் ஆழம் இத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை.

ஆழம்தான் விஷயம். தலையில் சுமார் ஒரு லட்சம் மயிர் என்கிறார்கள். வளரும் பருவத்தில் இருக்கிற மயிர் ஒவ்வொன்றும் தோலைக் கடந்து, அடியிலுள்ள கொழுப்பு அடுக்கில் நாலு ஐந்து மில்லிமீட்டர் ஆழத்தில் குமிழ் ஊன்றி நிற்கிறது. மயிர்க்காலின் நடுவழியில், மயிரைச் சிலிர்க்கவைக்கும் சின்னத் தசை வந்து சேருகிற இடத்தில், ஒரு புடைப்பு இருக்கிறது. அங்கேதான் மயிர்க்காலை மறுபடி மறுபடி உண்டாக்கும் மூல உயிரணுக்கள் குடியிருக்கின்றன. எலியின் மயிர்க்காலை ஆராய்ந்தவர்கள் 1990-இல் கண்டு சொன்னது இது. அழற்சி எந்த ஆழத்தில் தாக்குகிறது என்பதை வைத்து மயிரின் விதி தீர்மானமாகிறது. புழுவெட்டு என்று நாம் சொல்வதில் அழற்சி கீழே குமிழைச் சூழ்கிறது. புடைப்பு தப்பிவிடுகிறது. ஆகவே வருஷங்கள் கழிந்தும் மயிர் திரும்பலாம். லைக்கன் பிளானோபைலாரிஸ் என்கிற நோயில் அது புடைப்பையே தாக்குகிறது. மயிர்க்கால் அழிந்து, அந்த இடம் தழும்பாகிவிடுகிறது. பிறகு எந்த மருந்துக்கும் அங்கே வேலையில்லை. என்னுடைய நோய் இரண்டுக்கும் நடுவில் நிற்பது. ஆரம்பத்தில், சீழின் மத்தியிலும், மயிர்க்கால்கள் உயிரோடிருக்கின்றன. காலம் கடந்தால் எல்லாம் சேர்ந்து தழும்பு. மேலே நின்று பார்க்கிறவனுக்கு இரண்டு வழுக்கையும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒன்றில் திரும்பி வர ஆள் இருக்கிறது. மற்றதில் இல்லை.

2018 ஜனவரியில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். அவர் முதலில் செய்தது காளானைச் சந்தேகித்தது. தலையில் காளான் பற்றி இப்படிக் கொழகொழவென்று வீங்குவது உண்டு. குழந்தைகளுக்கு அதிகம், ஆனால் பெரியவர்களுக்கு வராது என்று அடித்துச் சொல்ல முடியாது. சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். வளர்த்துப் பார்க்கவும் அனுப்பினார். காளான் இல்லை. பிறகு கைப்பிடியுள்ள சின்ன லென்ஸால் தலையைப் பார்த்தார். மயிர்க்கால்களின் வாய்கள் அதில் தெரியும். வாய் மூடியிருந்தால் தழும்பு, திறந்திருந்தால் நம்பிக்கை. அதற்குமேல் வாயைப் பார்த்து வயிற்றைச் சொல்ல முடியாது என்று சிரித்தார். தசை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், ஆனால் எந்த இடத்தில் எடுப்பது? அதற்காகத்தான் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். தலைத்தோலுக்கு ஸ்கேன் என்பதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

தோல் டாக்டர் மேஜையிலேயே அந்தக் கருவி ஏன் இல்லை என்று கேட்டேன். நம் நாட்டில் அதற்கு ஒரு காரணம் உண்டு. 1994-இல் வந்த சட்டம், கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று கண்டு சொல்வதைத் தடுத்தது. அதன் கீழ் அல்ட்ராஸவுண்டு கருவி வைத்திருக்கிற ஒவ்வொரு இடமும் பதிவாக வேண்டும். சட்டம் வேண்டியதுதான். அது வந்ததற்கான காரணம் நம் வெட்கம். அதன் பக்கவிளைவாக என் தலை, கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. சுவரில் அந்த அறிவிப்பு பெரிதாக எழுதியிருந்தது. பக்கத்திலிருந்த பெண்ணின் மாமியார் என்னை வெகுநேரம் பார்த்துவிட்டு, "யாருக்குப் பார்க்க வந்திருக்கீங்க தம்பி?" என்றார். எனக்குத்தான் என்றேன். அவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது என் தலை மொட்டை. இரண்டாவது தடவை கீறி வடித்தபோது அம்மா பழனிக்கு நேர்ந்துகொண்டிருந்தாள். மலைக்குக் கீழே மழித்தவர் கத்தியைக் கட்டிகளைச் சுற்றிச் சுற்றி வெகு ஜாக்கிரதையாகக் கொண்டுபோனார். ஸ்கேன் டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். என் தலையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "மொட்டை போட்டது ரொம்ப நல்லதாப் போச்சு சார்" என்றார். காற்றுக்கும் இந்த ஒலிக்கும் ஆகாது. மயிரின் ஊடே சிக்கிய காற்று ஒலியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடும். முடியுள்ள தலையென்றால் வகிடு வகிடாகப் பிரித்து ஒரு குப்பி ஜெல்லைக் கொட்ட வேண்டியிருக்கும். அவர் கையிலிருந்தது கழுத்துக்கும் மார்புக்கும் பயன்படுத்தும் தட்டையான முனை, 15 மெகாஹெர்ட்ஸ். ஜெல்லைக் குன்றுபோல் குவித்து, அதன் மேல் முனையை மிதக்கவிட்டார். தோலைத் தொடவே இல்லை. அழுத்தினால் சின்ன ரத்தக்குழாய்கள் மூடிக்கொண்டு, இல்லாததுபோல் தோன்றும் என்றார். இத்தனை மெதுவாக என் தலையை அதுவரை யாரும் தொட்டதில்லை என்று எனக்குத் தோன்றியது.

தத்துவம் எளிமையானது. உடம்பின் மென்மையான பாகங்களில் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் போகிறது. நாலு மில்லிமீட்டர் இறங்கி எதிரொலித்துத் திரும்ப, ஒரு விநாடியைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் ஐந்து பங்கு. அந்த நேரத்தை ஆழமாக மாற்றிக் கோடிடுகிறது இயந்திரம். அதிர்வெண் கூடக்கூட நுணுக்கம் கூடும், எட்டும் ஆழம் குறையும். 15 மெகாஹெர்ட்ஸில் ஒலி அலையின் நீளமே மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு. அதைவிடச் சிறியது படத்துக்கு வராது. 70 மெகாஹெர்ட்ஸ் முனைகளும் இருக்கின்றன, எங்களூரில் இல்லை. தோலின் கனத்தைத் துடிப்பொலியால் அளக்கலாம் என்று அலெக்ஸாண்டரும் மில்லரும் காட்டியது 1979-இல். அப்போது அது ஒரு அளவு மாத்திரம், படமல்ல.

எதிரொலி வருவது வித்தியாசத்திலிருந்து. ஒரு பொருளும் அடுத்த பொருளும் வேறுபடும் எல்லையில்தான் ஒலி திரும்புகிறது. வித்தியாசமே இல்லாத தெளிந்த திரவத்திலிருந்து ஒன்றும் வராது, அது கறுப்பாகத் தெரியும். முதலில் அவர், நோயில்லாத இடமாகக் காதுக்கு மேலே வைத்துக் காட்டினார். மேலே வெள்ளையாக ஒரு மெல்லிய கோடு, மேல்தோல். அதன் கீழே சாம்பல் பட்டை, உள்தோல். அதில் சாய்வாக, மழைக்கோடுகளைப் போல, கறுத்த மயிர்க்கால்கள் இறங்கி, கொழுப்பில் முடிந்தன. எல்லாவற்றுக்கும் கீழே பளிச்சென்று மண்டையோடு. தலைமயிர் இதில் மூன்று கோடுகளாகவும், உடம்பின் பூனைமயிர் பெரும்பாலும் இரண்டு கோடுகளாகவும் தெரியுமாம். என் மண்டையோட்டை நான் அவ்வளவு பக்கத்தில் எதிர்பார்க்கவில்லை.

பிறகு உச்சிக்கு வந்தார். சாய்ந்த கோடுகளின் அடிகள் வீங்கி இருந்தன. வீங்கிய அடிகள் கொழுப்பில் இருந்த ஒரு கறுப்புக்குள் திறந்தன. கறுப்பு முழுக் கறுப்பல்ல, அதில் மங்கலாக ஏதோ மிதந்தது. சீழ். அதற்குள் குட்டை குட்டையாகப் பிரகாசமான கீற்றுகள். ஒடிந்த மயிர்த்துண்டுகள், உள்ளேயே விழுந்து கிடப்பவை. அவர் முனையை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகப் பின்னால் நகர்த்தினார். கறுப்பு முடியவில்லை. மெலிந்தது, ஒரு நூலளவாயிற்று, மறுபடி அகன்றது. அகன்ற இடத்தின் மேல்தான் என் இரண்டாவது கட்டி. அங்கிருந்து இன்னொரு நூல் மூன்றாவதற்கு. இரண்டு முறை கீறி வடித்தார்களே, அது அதில் ஒரு அறை மட்டும். நடுவில் தோல் சமதளமாக, முடியோடு, ஆரோக்கியமாக எனக்குத் தோன்றிய ஒரு இடம். அதன் கீழேயும் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது என்று டைரியில் எழுதியிருந்தேன். அவர் ரிப்போர்ட்டில் எழுதியது ஒன்று. கிளைகள் உள்ள ஒன்று.

அந்த ஒருமைதான் எனக்குக் கிடைத்த வைத்தியம் என்று சொன்னால் மிகையில்லை. ஒன்பது கட்டிகளுக்கு ஒன்பது முறை ஐந்துநாள் மாத்திரை கொடுப்பது தர்க்கரீதியாகச் சரி. ஒன்றே ஒன்றுக்கு அப்படிக் கொடுப்பது அபத்தம்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டாக்டர் ஒரு பொத்தானை அழுத்தியதும் கறுப்பின் ஓரங்களில் சிவப்பும் நீலமும் பொரிந்தன. சிவப்பைப் பார்த்ததும் எனக்கு அழற்சி, தீ என்றெல்லாம் மனம் ஓடியது. அவர் உடனே மறித்தார். சிவப்பு முனையை நோக்கி வரும் ரத்தம், நீலம் விலகிப் போகும் ரத்தம், அவ்வளவுதான். டாப்ளர் 1842-இல் சொன்னது நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி. 1845-இல் ஹாலந்தில் ரயில் வண்டியில் எக்காளம் ஊதுபவர்களை ஏற்றி அதை ஒலிக்குச் சோதித்துப் பார்த்தார்கள். அங்கிருந்து என் உச்சந்தலைக்கு வந்திருக்கிறது. அழற்சிக்குச் சாட்சி நிறமல்ல, அந்த இடத்தில் அத்தனை ரத்தஓட்டம் இருப்பது. படிமங்களைப் படிப்பதில் நாம் செய்யும் தப்பிதங்களில் பாதி, வரைந்தவனின் மரபு என்ன என்று கேட்காததால் வருகிறது.

இதை எங்கே கற்றீர்கள் என்று அவரைக் கேட்டேன். எதிர்பார்த்த பதில் ஜெர்மனி அல்லது அமெரிக்கா. அவர் சொன்னது சிலி. ஸான்டியாகோவில் ஸிமினா வோர்ட்ஸ்மன் என்ற கதிரியக்க நிபுணர் தோலுக்கு மட்டுமே ஸ்கேன் பார்ப்பதைத் தன் காரியமாக வைத்திருக்கிறார். தலைத்தோல், மயிர் நோய்கள் ஒலியில் எப்படித் தெரிகின்றன என்று 2012-இல் அவரும் சகாக்களும் எழுதியிருக்கிறார்கள். என் வியாதியையே ஆரம்பத்தில் கண்டுபிடித்த ஒரு கேஸைப் பற்றி அவரும் இன்னொருவரும் எழுதிய சின்னக் கட்டுரை 2017-இல் வந்தது. வந்தது எங்கே என்றால், இந்தியாவிலிருந்து வெளியாகும் மயிரியல் பத்திரிகை ஒன்றில். அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்று கணக்கிடும் பழக்கம் நமக்கு உண்டு. சிறுபத்திரிகைக்காரர்களின் வியாதி அது. எங்களூர் ஸ்கேன் சென்டரில் ஒருவர் படித்திருந்தார்.

படத்தை மிகையாகப் புகழ எனக்கு விருப்பமில்லை. அது வியாதியின் பெயரைச் சொல்வதில்லை. சீழ் சீழாகத்தான் தெரியும், அது எதனால் வந்தது என்று ஒலிக்குத் தெரியாது. நிறமிகள் தெரியாது. மேல்தோலோடு நிற்கும் நோய்கள் தெரியாது. லைக்கன் போன்ற நோய்களில் சந்தேகம் தீர இன்றும் கத்திதான் வேண்டும். எனக்கும் நாலு மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். ஒன்றை நெடுக்காகவும் ஒன்றைக் குறுக்காகவும் சீவினார்கள். குறுக்காகச் சீவிப் படிக்கும் முறையை ஹெடிங்டன் 1984-இல் விரிவாக எழுதினார். நெடுக்கில் சில மயிர்க்கால்கள் முழுசாகத் தெரியும், குறுக்கில் எல்லா மயிர்க்கால்களும் ஒரே மட்டத்தில் தெரியும். இரண்டும் வேண்டும். எந்த இடத்தில் எடுப்பது என்பதை ஸ்கேன் காட்டியிருந்தது: பழைய தழும்பில் அல்ல, கறுப்பின் ஓரத்தில், ரத்தம் ஓடும் இடத்தில். கண்ணால் தேர்ந்திருந்தால் மிகவும் வழவழப்பான இடத்தையே தேர்ந்திருப்பார்கள். அங்கே எல்லாம் முடிந்துபோயிருந்தது. சாம்பலை நுண்ணோக்கியில் பார்த்து எரிந்த மரம் எது என்று சொல்வது சிரமம்.

மருந்து ஐஸோட்ரெடினாயின். பருவுக்குக் கொடுப்பார்களே, அதுதான், மாதக்கணக்கில். உதடு பாளம் பாளமாக வெடித்தது. ரத்தத்தில் கொழுப்புக்குப் பரிசோதனை. கூடவே இரண்டு ஆன்டிபயாடிக், கட்டியிலேயே ஊசி. விமர்சக நண்பருக்கு ஸ்கேன் படத்தின் ஒரு பிரதி அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை. கோபமில்லை. அந்தப் படத்துக்கு எதிராகச் சொல்ல எனக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது.

ஒன்பது மாதம் கழித்து அதே டாக்டர் மறுபடி பார்த்தார். இம்முறை தலையில் முடி இருந்தது. வகிடு பிரித்து, குப்பி ஜெல் கொட்டி, ஒரு மணி நேரம். நூல்கள் மறைந்திருந்தன. பெரிய அறை ஒன்றரை மில்லிமீட்டர் கோடாக ஒடுங்கியிருந்தது. அதன் ஓரத்தில் ரத்தஓட்டம் இல்லை. முன்பு கறுப்பாக இருந்த இரண்டு இடங்களில் சாய்ந்த கோடுகள் திரும்பியிருந்தன, ஒழுங்கில்லாமல், சில குட்டையாக. அவற்றின் மேல் மயிர் வந்துகொண்டிருந்தது எனக்கும் தெரியும், தினமும் கண்ணாடியில் எண்ணுகிற ஆள் நான். பின்னுச்சியில் இரண்டு இடம் மட்டும் அப்படியில்லை. அங்கே முனையை வைத்தபோது திரையில் வெறும் சாம்பல். கோடு ஒன்றுகூட இல்லை. முதன்முதலில் கீறி வடித்த இடமும் அதற்குப் பக்கத்து இடமும். டாக்டர் அங்கே அளவெடுக்கவில்லை. ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, ஜெல்லைத் துடைத்து, அடுத்த வகிட்டைப் பிரித்தார்.